தவணை தவறிய தண்டம்: நீதியோ, மீட்கற்பாலதோ?

தோற்றுவாய்

கல்லூரி நூல்நிலையத்தினின்றும் நூலெடுத்துக் குறித்த நாளில் திருப்பிக் கொடாத மாணவர், சிறு தொகையொன்றைத் தண்டமாகச் செலுத்துதல் நம்மிற் பலர்க்கும் பழகிய செய்தியே. செலுத்துங்கால் சிறிது முணுமுணுப்போமாயினும், அஃது அநீதி என்று வழக்காடுவார் நம்முள் எவருமிலர். ஆயின், அத்தண்டம் நூலின் விலையினும் மிக்கதாயின் யாது செய்வோம்? அப்பொழுதும், 'காலந்தாழ்த்தது நம் பிழையே' என்று வாய்மூடி இருப்போமா? அன்றி, 'பிழைக்கும் தண்டத்திற்கும் ஓர் ஒப்பளவு வேண்டாவோ?' என்று வினவுவோமா? இவ்வினாவே இக்கட்டுரைக்குப் பிறப்பிடமாயிற்று.

என் தமையனார் இங்கிலாந்தில் ஒரு நகரத்தில் தொழில் பார்த்து வருகின்றார். சென்ற ஆண்டுப் பனிக்காலத்தில் அவர் காய்ச்சலுற்றுக் கிடந்தமையின், தம் கடன் அட்டைக்குரிய மாதத் தவணையாகிய 25 பவுனை இரண்டு நாள் தாழ்த்துச் செலுத்தினார். அடுத்த மாதக் கணக்கில் 12 பவுன் தாமதக் கட்டணமாக ஏறியிருந்தது. இச்செய்தி வீட்டிற்கு எட்டியபொழுது எம் தந்தையார், "சொன்ன நாளிற் கொடாதவன் நியாயம் பேசலாகாது, கட்டிவிட்டுப் பேசாமல் இருக்கச் சொல்" என்றார். எம் அன்னையாரோ, "இரண்டு நாளைக்குப் பன்னிரண்டு பவுனா? நம் ஊர் வட்டிக்கடைக்காரன்கூட இப்படிக் கேட்கமாட்டானே" என்றார். இருவர் கூற்றிலும் உண்மை உண்டென்றே எனக்குத் தோன்றிற்று. எதன்கண் எவ்வளவு உண்மை உளது என்று அறியும் பொருட்டு, சட்டம் பயிலும் நண்பர் ஒருவரைத் துணைக்கொண்டு யான் படித்தறிந்தவற்றை ஈண்டுத் தொகுத்துரைப்பேன்.

அட்டையின் இயல்பு

கிரெடிட் கார்டு எனப்படும் கடன் அட்டையின் இயல்பை முதற்கண் அறிதல் வேண்டும். அட்டையுடையான் கடையிற் பொருள் கொள்ளுங்கால், அவன் பொருட்டு அட்டை வழங்கிய பாங்கு வணிகனுக்குப் பணம் கொடுக்கின்றது. மாதந்தோறும் பாங்கு அவனுக்கு ஒரு கணக்கு அனுப்புகின்றது. குறித்த நாளுக்குள் முழுத்தொகையும் செலுத்துவானாயின், வாங்கிய பொருள்களின் பொருட்டு வட்டி இல்லை. முழுதும் செலுத்த இயலாதவன் குறைந்த அளவுத் தவணையாவது செலுத்துதல் வேண்டும். எஞ்சிய தொகைக்கு வட்டி ஓடும். அக்குறைந்த தவணையையும் நாள் தவறவிடுவானாயின், வட்டியின் வேறாகத் தாமதக் கட்டணம் ஒன்று கணக்கிலேறும்.

ஈண்டு வட்டி வேறு, தாமதக் கட்டணம் வேறு என்பதை நன்கு உளங்கொள்ளல் வேண்டும். வட்டியாவது, பிறர் பணத்தைத் துய்ப்பதற்கு நாம் கொடுக்கும் விலை. தாமதக் கட்டணமாவது, கொடுத்த வாக்குத் தவறியமையின் பொருட்டுக் கொள்ளப்படுவது. பாங்கு தன் பணத்தை இரண்டு நாள் இழந்திருந்தது என்பார்க்கு, அவ்விழப்பிற்கு ஈடாகவே வட்டி முன்னரே உளது என்பது விடையாகும். ஆண்டுக்கு நூற்றுக்கு 24 வீதம் வட்டியெனக் கொள்வோமாயினும், 25 பவுனுக்கு இரண்டு நாள் வட்டி ஏறத்தாழ 3 பென்ஸ் ஆகும். தாமதக் கட்டணமோ 1,200 பென்ஸ். வட்டியினும் முந்நூறு மடங்கிற்கு மேற்பட்ட இத்தொகை எதன் பொருட்டுக் கொள்ளப்படுகின்றது? இதற்கு விடை காண்பதே வழக்கின் உயிர்நிலையாம்.

ஈடும் தண்டமும்

ஒருவன் ஒப்பந்தம் தவறினால், அதனால் மற்றையோன் அடைந்த இழப்பை ஈடுசெய்தல் வேண்டும் என்பதே ஆங்கிலச் சட்டத்தின் பொதுவிதி. ஈடு செய்வித்தலே ஒப்பந்தச் சட்டத்தின் நோக்கம், ஒறுத்தல் அன்று. ஒறுக்கும் உரிமை அரசுக்கு உரியது, வணிகனுக்கு உரியதன்று.

ஆயினும், இழப்பு இவ்வளவென்று பின்னர் அளந்து காண்டல் அரிதாகலின், 'தவறினால் இத்தொகை தருவேன்' என்று இருவரும் முன்னரே வரையறுத்துக் கொள்ளுதல் உண்டு. அவ்வரையறை எப்பொழுது ஈடு, எப்பொழுது தண்டம் என்பதைப் பிரபுக்கள் சபை 1914-ஆம் ஆண்டில் ஒரு வழக்கில் ஆராய்ந்தது. டன்லப் என்னும் டயர்க் கம்பெனியார், தம்மிடம் டயர் வாங்கி விற்பவர் குறித்த விலைக்குக் கீழே விற்பின் டயர் ஒன்றுக்கு 5 பவுன் கொடுத்தல் வேண்டும் என ஒப்பந்தம் செய்திருந்தனர். அத்தொகை தண்டமன்று, ஏற்கத்தக்க ஈடே என்று பிரபுக்கள் தீர்த்தனர். 1915-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் திரட்டில் அச்சேறிய அத்தீர்ப்பில் டனெடின் பிரபு வகுத்த அளவைகள், அடுத்த நூறாண்டும் ஆங்கில நியாயஸ்தலங்களுக்கு வழிகாட்டியாய் நின்றன.

அவ்வளவைகளின் சாரம் வருமாறு: தவறினால் நேரக்கூடிய மிகப்பெரிய இழப்பினும் வரையறுத்த தொகை மட்டின்றி மிக்கதாயின் அது தண்டம். ஒரு தொகையைச் செலுத்தாமையே பிழையாக, அதன்பொருட்டு அதனினும் பெரிய தொகை கேட்கப்படின் அதுவும் தண்டம். பெரும்பிழைக்கும் சிறுபிழைக்கும் வேறுபாடின்றி ஒரே தொகை விதிக்கப்படின், அது தண்டமாதல் கூடும் என்று முதற்கண் கொள்ளலாம். தண்டம் எனத் துணியப்பட்ட தொகையை நியாயஸ்தலம் வாங்கித் தராது. மெய்யான இழப்பளவே கிடைக்கும்.

இம்மூன்றாம் அளவையைக் கடன் அட்டைக்குப் பொருத்திக் காண்மின். 5 பவுன் தவணையை ஒருநாள் தாழ்த்தவனுக்கும், 500 பவுன் தவணையை இருபது நாள் தாழ்த்தவனுக்கும் ஒரே கட்டணம் விதிக்கப்படுமாயின், அஃது இழப்பை அளந்து வகுத்தது என்று எங்ஙனம் கூறலாகும்?

இவ்வழக்குவிதியோடு எழுத்துச்சட்டம் ஒன்றும் பின்னர்ச் சேர்ந்தது. 1993-ஆம் ஆண்டு ஐரோப்பிய நெறிமுறையைத் தழுவி, நுகர்வோர் ஒப்பந்தங்களில் நேர்மையற்ற நிபந்தனைகளைத் தடுக்கும் விதிகள் பிரிட்டனில் இயற்றப்பட்டன. அவை 1999-ஆம் ஆண்டில் திருத்தியமைக்கப்பட்டன. தவறிய நுகர்வோன்மீது ஒப்பளவின்றி மிக்க தொகையைச் சுமத்தும் நிபந்தனை நேர்மையற்றதாகக் கூடும் என்பது அவ்விதிகளுள் எடுத்துக்காட்டாகக் கூறப்பட்ட ஒன்று. அவற்றின் சாரம் இப்பொழுது 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டத்தில் அடங்கியுள்ளது. இவ்விதிகட்குக் காரணமும் எளிதே. இருவர் எதிரெதிர் அமர்ந்து பேசி முடித்த ஒப்பந்தம் வேறு. ஒருவர் அச்சிட்டு நீட்ட, மற்றவர் படியாமலே கையொப்பமிடும் ஒப்பந்தம் வேறு. பின்னதன்கண் வலியார் கை ஓங்கும். ஆண்டு நடுவுநிலை காத்தற்குச் சட்டம் புகுதல் இன்றியமையாததாம்.

12 பவுன் என்னும் எல்லை

இனி, 12 பவுன் என்னும் தொகை யாண்டிருந்து வந்தது என்பதைக் காண்போம். 2006-ஆம் ஆண்டிற்கு முன்னர்ப் பிரிட்டனிற் பல அட்டைக் கம்பெனிகள் ஒவ்வொரு தவறுதலுக்கும் 20 முதல் 25 பவுன் வரை கொண்டு வந்தன. நேர்மை வாணிக அலுவலகம் என்னும் அரசாங்க நிறுவனம் இதனை ஆராய்ந்து, 2006-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஓர் அறிக்கை வெளியிட்டது. அக்கட்டணங்கள் சட்டப்படி நேர்மையானவற்றினும் மிகையாக உள்ளன என்றும், 12 பவுனுக்கு மேற்பட்ட கட்டணத்தை, தனிப்பட்ட காரணம் காட்டப்பட்டாலன்றி, நேர்மையற்றது எனவே தான் கருதி நடவடிக்கை எடுக்கும் என்றும் அது கூறிற்று. கம்பெனிகள் தம் கட்டணத்தைப் பெரும்பாலும் 12 பவுனாகக் குறைத்தன.

அலுவலகத்தின் கருத்துப்படி, ஒருவன் தவணை தவறியமையாற் கம்பெனிக்கு நேரும் மிகைச் செலவுகளையே கட்டணமாகக் கொள்ளலாம்: நினைவூட்டுக் கடிதம், தொலைபேசி, அவற்றைக் கவனிக்கும் அலுவலர் ஊதியம், கணிப்பொறிச் செலவில் ஒரு பங்கு என்பன போல்வன. பிறர் அடைக்காது விட்ட கடனால் வந்த பெருநட்டத்தை, இரண்டு நாள் தாழ்த்துச் செலுத்தியவன் தலையில் ஏற்றலாகாது.

ஈண்டுப் பலரும் மயங்கும் இடம் ஒன்றுண்டு. '12 பவுன் வரை நேர்மையானது' என்று அவ்வறிக்கை கூறிற்றிலது. அதற்கு மேற்பட்டால் தான் தலையிடும் என்றே கூறிற்று. எது நேர்மை என்று முடிவாகத் தீர்ப்பது நியாயஸ்தலத்தின் உரிமை என்பதையும் அது தெளிவுபடுத்திற்று. ஆகவே 12 பவுன் என்பது நடவடிக்கைக்கு இட்ட எல்லைக் கல்லே அன்றி, நீதியின் அளவுகோல் அன்று. எல்லைக் கல்லையே அளவுகோலாக மயங்கினமையால், பெரும்பாலான கம்பெனிகள் 12 பவுனே கொள்ளும் வழக்கம் வேரூன்றிற்று.

எதிர்வழக்கு

ஒரு பக்கமே கூறி மறுபக்கம் மறைத்தல் நடுவுநிலை ஆகாது. பாங்குகளுக்குச் சார்பாக எழுந்த தீர்ப்புகளையும் கூறுதல் வேண்டும்.

முதலாவது, 2009-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பிரிட்டிஷ் சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பு. அஃது இருப்புக்கு மேல் அனுமதியின்றிப் பணம் எடுத்தற்குப் பாங்குகள் கொள்ளும் கட்டணம் பற்றியது. அக்கட்டணம் கணக்கு நடத்தும் பணிக்குரிய விலையின் ஒரு பகுதியே. விலை தக்கதோ என்று மேற்கூறிய விதிகளால் அளத்தல் இயலாது என்று கோர்ட்டு தீர்த்தது. ஆயினும் கடன் அட்டையின் தாமதக் கட்டணம் இதனின் வேறானது. குறித்த நாளிற் செலுத்துவேன் என்ற வாக்கின் முறிவின்மேல் அஃது எழுவதாகலின், தண்டம் பற்றிய விதி அதற்குப் பொருந்தும். இரண்டையும் ஒன்றெனக் கருதி நம்பிக்கை இழந்தோர் பலர்.

இரண்டாவது, 2015-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்துத் தீர்ப்பு. செம்ஸ்போர்டு நகரில் இரண்டு மணிநேரம் மட்டும் கட்டணமின்றி வண்டி நிறுத்தற்குரிய இடத்தில், ஒருவர் ஏறத்தாழ ஒரு மணிநேரம் மிகையாக வண்டியை நிறுத்தினார். 85 பவுன் கேட்கப்பட்டது. அவ்விடத்தை நடத்தும் கம்பெனிக்கு அதனால் நேரான இழப்பு ஒன்றும் இல்லை. ஆயினும், இடம் பிறர்க்கும் கிடைக்குமாறு காத்தல் அக்கம்பெனிக்கு முறையான நலனே என்றும், அந்நலனோடு ஒப்புநோக்க 85 பவுன் மட்டுமீறியது அன்று என்றும் சுப்ரீம் கோர்ட்டு தீர்த்தது. டனெடின் பிரபுவின் அளவைகள் எல்லா வழக்குக்கும் இறுகப் பொருந்துவன அல்ல என்பதும் அத்தீர்ப்பால் விளங்கிற்று. இழப்பளவு ஒன்றையே நோக்கிய காலம் மாறி, முறையான நலன் யாது என்று நோக்கும் காலம் வந்தது.

மூன்றாவது, ஆஸ்திரேலியாவின் உயர்ந்த நியாயஸ்தலம் 2016-ஆம் ஆண்டு ஜூலை மாதம் அளித்த தீர்ப்பு. இது நேரே கடன் அட்டைத் தாமதக் கட்டணம் பற்றியதே. 35 டாலராகவும் பின்னர் 20 டாலராகவும் இருந்த அக்கட்டணத்தை முதலில் விசாரித்த நீதிபதி தண்டம் என்றார். மேல்முறையீட்டில் அது மாறிற்று. இறுதியில் ஐந்து நீதிபதிகளுள் நால்வர், தண்டமன்று என்று தீர்த்தனர். தவணைகள் தவறுங்கால் வரக்கூடும் நட்டத்திற்காக ஒதுக்கி வைக்கும் தொகையும் பாங்கின் முறையான நலனைச் சார்ந்ததே என்பது அவர்கள் கருத்து.

இத்தீர்ப்புகளோடு உலகியல் நியாயம் ஒன்றும் உண்டு. தாமதத்திற்குக் கட்டணமே இல்லையாயின், நாள் தவறாது செலுத்துவோரே தவறுவோரின் செலவையும் சுமக்க நேரும். தந்தையார் கூற்றின் வலிமை இதுவே.

ஆயினும் வாதம் இத்துடன் முடிந்திலது. நேர்மை வாணிக அலுவலகம் 2014-ஆம் ஆண்டில் மூடப்பட, கடன் வாணிகத்தை மேற்பார்க்கும் பொறுப்பு நிதி நடத்தை ஆணையத்திற்கு வந்தது. தவணை தவறியோர்மீது விதிக்கும் கட்டணம், கம்பெனியின் தக்க செலவை ஈடுசெய்தற்கு வேண்டிய அளவினும் மிகலாகாது என்பது அவ்வாணையத்தின் விதி. வண்டி நிறுத்திய வழக்கில் இத்தகைய விதி ஒன்றும் இல்லை. ஆதலின், 'உங்கள் செலவு எவ்வளவு?' என்று கேட்கும் உரிமை அட்டையுடையானுக்கு இன்றும் உளது. அன்னையார் கூற்றின் வலிமை இது.

மீட்கும் வழி

இனி, மிகையாகக் கொள்ளப்பட்டதென்று கருதுவோர் பிரிட்டனிற் செய்யத்தக்கவற்றைச் சுருங்கக் கூறுவேன்.

முதற்கண், கணக்குத்தாள்களைத் திரட்டி எந்நாளில் எத்தொகை ஏறிற்று என்று பட்டியல் எழுதுதல் வேண்டும். தாள்கள் இல்லாதவர், தம்மைப் பற்றிய பதிவுகளைக் கம்பெனியிடமே கேட்டுப் பெறலாம். முன்னர் இதற்கு 10 பவுன் வரை கட்டணம் இருந்தது. 2018-ஆம் ஆண்டு மே மாதம் முதல் பெரும்பாலும் கட்டணமின்றியே பெறலாம்.

அடுத்து, கம்பெனிக்கே முறையீடு எழுதுதல் வேண்டும். எட்டு வாரத்துள் முடிவான விடை வாராதாயினும், வந்த விடை மனநிறைவு தாராதாயினும், நிதிக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். இதற்கு நுகர்வோன் செலவு செய்ய வேண்டுவதில்லை. கம்பெனியின் முடிவான விடை கிடைத்த ஆறு மாதத்துள் அவரை அணுகுதல் வேண்டும். இறுதியாக, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10,000 பவுன் வரையுள்ள வழக்குகளைச் சிறு வழக்கு முறையிற் கௌண்டி கோர்ட்டில் தொடரலாம். ஆண்டுத் தோல்வியும் நேரலாம் என்பதை 2015-ஆம் ஆண்டுத் தீர்ப்பு நினைவூட்டும்.

கால எல்லையும் நோக்கத்தக்கது. 1980-ஆம் ஆண்டின் கால வரையறைச் சட்டப்படி, ஒப்பந்தம் பற்றிய வழக்குகளைப் பொதுவாக ஆறு ஆண்டுக்குள் தொடுத்தல் வேண்டும். ஸ்காத்லாந்தில் ஐந்து ஆண்டு. ஆகவே 2006-ஆம் ஆண்டிற்கு முன்னர் 25 பவுன் செலுத்தியோர் இன்று விழித்தெழுந்து கேட்பது பெரும்பாலும் பயனின்றி முடியும். தவணை தவறியவனைக் காலம் தண்டிப்பது போலவே, உரிமை கேட்கத் தவறியவனையும் காலம் தண்டிக்கின்றது.

நம் நாட்டு நிலை

ஆங்கில விதி இங்ஙனமாக, நம் நாட்டின் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் வேறொரு நேரிய வழியைக் கொண்டது. அதன் 74-ஆம் பிரிவு, ஈடு என்றும் தண்டம் என்றும் வேறு பிரித்து இடர்ப்படுவதில்லை. தவறினால் இவ்வளவு என்று ஒப்பந்தத்திற் குறித்த தொகை உச்ச எல்லையே. அதனுள் அடங்கித் தக்க அளவு ஈடே பெறலாம் என்பது அதன் கருத்து. ரிசர்வ் பாங்கு 2022-ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறைப்படி, தவணை நாள் கடந்து மூன்று நாளுக்கு மேலும் செலுத்தாதிருந்தாலன்றித் தாமதக் கட்டணம் விதிக்கலாகாது. என் தமையனார் நம் நாட்டில் இருந்திருப்பின், இரண்டு நாள் தாமதத்திற்கு அவர் ஒன்றும் செலுத்த நேர்ந்திராது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் தெளிவன இரண்டு. தாமதத்திற்குக் கட்டணம் கொள்ளுதல் தன்னளவில் அநீதியன்று. வாக்குத் தவறியவன் அதனால் வந்த செலவை ஏற்றலே நீதி. ஆயின், அக்கட்டணம் செலவின் அளவைக் கடந்து, தவறுவோரின் தளர்ச்சியையே வருவாயாக்கும் வாணிகமாகுமாயின், அம்மிகை நீதியன்று. அதனைக் கேட்டு மீட்க முயலுதல் குற்றமும் அன்று. நாள் தவறுவோருட் பெரும்பணம் உடையார் சிலரே. நோயாளரும், கூலி காலந்தாழ்ந்து கிடைக்கப் பெற்றவரும், கணக்கறியா எளியோருமே பலர். ஆதலின் 12 பவுன் என்னும் சிறுதொகை யார் கையினின்றும் செல்கின்றது என்பதையும் நோக்குதல் வேண்டும்.

என் தமையனார் யாது செய்தார் என்று கேட்பீர்கள். அவர் பாங்கிற்கு ஒரு முறையீடு எழுதினார். தாம் நாள் தவறியது தம் பிழையே என்பதை முதல் வரியிலேயே ஒப்புக்கொண்டார். நான்கு ஆண்டு தவறாது செலுத்தி வந்ததையும், நோயுற்றிருந்ததையும் குறித்தார். இரண்டு நாள் தாமதத்தால் தமக்குச் செய்த செலவு யாது எனக் கேட்டார். மூன்றாம் வாரத்தில் விடை வந்தது. செலவுக் கணக்கு அதில் இல்லை. 'நல்லெண்ணத்தின் பொருட்டு' 12 பவுனும் திருப்பித் தரப்படுகிறது என்று மட்டும் இருந்தது. உரிமையென்று ஒப்பாது அருளென்று தந்தனர். தமையனார் அன்றே, மாதந்தோறும் தவணை தானே செல்லுமாறு பாங்கில் ஏற்பாடு செய்துகொண்டார்.

இதனைத் தந்தையாரிடம் யான் படித்துக் காட்டினேன். சிறிதுநேரம் வாளா இருந்து, "பிழையை முதலில் ஒப்புக்கொண்டான் அல்லவா? அப்படியானால் கேட்கலாம்" என்றார். "கேட்காமல் இருந்திருந்தால்?" என்றார் அன்னையார். அதற்கு அவர் விடை கூறவில்லை.